முதற் குண்டு எங்களுடையதன்று

சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று, உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருவரால் எழுதப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு தாமும் தம் அப்பப்பாவும் விறாந்தையில் நடத்திய வாதம் ஒன்றினைத் தீர்த்துவைக்கும் பொறுப்பை அவர் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். அவருடைய கட்சி இது: அணுவாயுதம் வைத்திருக்கும் நாடுகள் ஒன்பது. அவ்வொன்பதும், “நாங்கள் முதலிற் பாவிக்கமாட்டோம், எவரேனும் எங்கள்மீது பாவித்தால் மாத்திரமே திருப்பிப் பாவிப்போம்” என்று உறுதி கூறிவிட்டால், முதலிற் பாவிப்பார் எவருமிலர், முதலாமவர் இல்லாதவிடத்து இரண்டாமவரும் இலர். கணக்கு இத்துணை எளிதாயிருக்க, அந்த உறுதியைக் கூறுவதற்குப் பலர் மறுப்பது ஏன்? அப்பப்பாவின் கட்சியோ ஒரே வசனத்தில் அடங்கிவிட்டது: “வாயாற் சொல்லுவதற்கு வரி கட்டவேண்டுமோ, பிள்ளை?”

இரண்டு கட்சிகளிலும் நியாயம் உண்டு. இருவரும் பாராமல் விட்ட சங்கதி ஒன்றும் உண்டு. அதற்குப் பின்னர் வருவோம். முதலில் இவ்வாக்குறுதியின் பிறப்பை அறிதல் நன்று.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து நடுக் கிழமையைப் போன்ற ஒரு கிழமை சரித்திரத்திலே அபூர்வம். 14ஆம் திகதி மொஸ்கோவிலே குருஷேவ் பதவியினின்றும் இறக்கப்பட்டார். 15ஆம் திகதி பிரிட்டனிலே பொதுத்தேர்தல் நடைபெற்றது. 13 ஆண்டுகளாக எதிர்க்கட்சியாயிருந்த தொழிற்கட்சி வென்றது. 16ஆம் திகதி சிங்கியாங் பிரதேசத்து லொப் நோர் பாலைநிலத்திலே சீனா தன் முதலாவது அணுக்குண்டை வெடித்துப் பார்த்தது. வெடித்த அன்றே பீக்கிங் அரசு ஓர் அறிக்கையும் விடுத்தது. எக்காலத்திலும், எந்த நிலைமையிலும், அணுவாயுதத்தை முதலிற் பாவிப்பவர்களாகத் தாங்கள் இருக்கப்போவதில்லை என்பது அதன் சாரம். அணுவாயுதம் படைத்த நாடொன்று இவ்வாறு நிபந்தனையின்றி உறுதி கூறியது அதுவே முதற் தடவை.

இதனைப் பெருந்தன்மை என்று கொள்வாரும் உளர். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. அன்று சீனாவிடம் இருந்தது பரீட்சித்துப் பார்த்த ஒரு குண்டு. அதனைத் தூக்கிச் செல்லும் ஏவுகணையைப் பரீட்சிக்க மேலும் இரண்டாண்டு சென்றது. ஆயிரக்கணக்கில் குண்டுகளை அடுக்கி வைத்திருக்கும் ஒருவனைக் கையில் ஒற்றைக் கல்லோடு நிற்பவன் முந்திக்கொண்டு அடித்தால், அடுத்த கணம் அவன் கதி யாதாகும்? ஆகவே முதலிற் பாவிப்பதில்லை என்று சொல்வதனால் சீனா இழந்தது ஒன்றுமில்லை. இதுவரையில் அப்பப்பாவின் கட்சியே வலுக்கிறது.

(இவ்விடத்தில் ஒரு சிறு வேடிக்கை. அந்த வாக்குறுதியை நல்ல தமிழிற் சுருக்கி, “முதலிற் பாவியோம்” என்று எழுதிப் பார்த்தோம். அச்சுக்கோக்கும் நண்பர் படித்துவிட்டு, “இது வாக்குறுதியா, பாவமன்னிப்பா?” என்று கேட்டார். இன்றுவரை யுத்தத்திலே அணுக்குண்டைப் பாவித்த நாடு ஒன்றே ஒன்று. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டில், இரண்டு நகரங்களின்மேல். அந்த நாடு “முதலிற் பாவியோம்” என்று எழுதினால், நண்பர் கண்ட பொருளே முந்தி நிற்கும்.)

இனி, மறுத்தவர்களின் வாதத்தைக் கேட்போம். அதனைக் கேட்பதற்கு ஜேர்மனிக்குப் போகவேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அந்நாடு கிழக்கு மேற்கு என இரண்டாய்ப் பிளந்து கிடந்தது. கிழக்கிலே சோவியத் படைகள். மேற்கிலே அமெரிக்கரும் அவர்தம் நேசநாட்டினரும். டாங்கிகளையும் காலாட்படையையும் எண்ணிப் பார்த்தால் கிழக்கின் பக்கமே தட்டுத் தாழ்ந்தது. அவ்வளவு பெரிய தரைப்படையைத் தாமும் கட்டித் தீனி போடுவதற்கு மேற்கு நாடுகளின் திறைசேரிகள் விரும்பவில்லை. “தரைப்படை திரண்டு வந்தால் அணுக்குண்டினாற் பதில் சொல்வோம்” என்பது மலிவான வழியாகத் தோன்றிற்று. ஐசனோவர் ஆட்சியிலே அதுவே அரச கொள்கையாயிற்று. 1954ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிநாட்டமைச்சர் டலஸ் அதனைப் பகிரங்கமாகவே பேசினார். நாளடைவில் ஐரோப்பிய மண்ணிலே அமெரிக்காவின் சிறிய அணுவாயுதங்கள் ஏறத்தாழ 7000 வந்து சேர்ந்தன.

மலிவு என்றோம். யாருக்கு மலிவு என்பது 1955ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தெரியவந்தது. “கார்ட் பிளான்ஷ்” என்னும் பெயரால் நேட்டோ நாடுகள் விமானப் பயிற்சி ஒன்றை நடத்தின. மெய்யான குண்டு ஒன்றும் வீசப்படவில்லை. எல்லாம் காகிதக் கணக்கு. அக்கணக்கின்படி 335 அணுக்குண்டுகள் விழுந்தன. மிகப் பெரும்பாலானவை மேற்கு ஜேர்மன் மண்ணிலே. மாண்ட ஜேர்மானியர் 17 இலட்சம். காயமுற்றோர் 35 இலட்சம். பின்னர் கதிர்வீச்சினால் மாள்வோர் இத்தொகையிற் சேரவில்லை. இந்தக் கணக்கு பத்திரிகைகளுக்கு எட்டியபோது, ஹம்பேர்க்கிலும் மியூனிச்சிலும் காலைக் கோப்பியுடன் அதனைப் படித்த குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாதுகாக்க வந்தவர்களின் ஒத்திகையிலே பாதுகாக்கப்படவேண்டியவர்கள் பிணமாய்க் கிடந்தார்கள். குண்டு எட்டும் தூரம் குறையக் குறைய மாள்பவன் ஜேர்மானியனே என்று பிற்காலத்தில் அந்நாட்டிலே ஒரு கசப்பான பேச்சு வழங்கலாயிற்று.

இந்த ஜேர்மானியர்களல்லவா முந்திக்கொண்டு, “முதலிற் பாவிப்பதில்லை என்று அமெரிக்கா சொல்லட்டும்” என்று கேட்டிருக்கவேண்டும்? நடந்தது அதற்கு நேர்மாறு. 1982ஆம் ஆண்டின் இளவேனிற் பருவத்திலே “ஃபொறின் அஃபெயர்ஸ்” சஞ்சிகையில் அமெரிக்கர் நால்வர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினர். சாதாரண நால்வரல்லர்: கென்னடிக்கு ஆலோசகராயிருந்த மக்ஜோர்ஜ் பண்டி, ருஷ்யாவை நன்கறிந்த இராசதந்திரி ஜோர்ஜ் கெனன், பாதுகாப்பமைச்சராயிருந்த றொபேட் மக்னமாரா, ஆயுதக் குறைப்புப் பேச்சுக்களை நடத்திய ஜெராட் ஸ்மித். நேட்டோ தன் தரைப்படையைப் பலப்படுத்திக்கொண்டு, முதலிற் பாவிக்கும் எண்ணத்தைக் கைவிடுதல் தகும் என்பது அவர்கள் முடிபு. அடுத்த இதழிலேயே ஜேர்மானியர் நால்வர் மறுப்பு எழுதினர். அவர்களுள் முன்னாள் பாதுகாப்பமைச்சர் ஒருவரும் ஓய்வுபெற்ற சேனாபதி ஒருவரும் இருந்தனர்.

அவர்கள் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். அணுக்குண்டு இல்லாத யுத்தம் அமெரிக்கர்களுக்குச் சிறிய யுத்தமாகத் தோன்றலாம். அது அவர்கள் நாட்டிலிருந்து ஒரு சமுத்திரத்துக்கு அப்பால் நடப்பது. எங்களுக்கோ அது எங்கள் வயலிலும் வளவிலும் நடப்பது. 1945ஆம் ஆண்டில் எங்கள் நகரங்களைச் சாம்பலாக்கியவை சாதாரணக் குண்டுகளே. நாங்கள் தவிர்க்க விரும்புவது அணுயுத்தத்தை மட்டுமன்று; எல்லா யுத்தத்தையும். அணுக்குண்டு எந்த வேளையிலும் வரக்கூடும் என்ற அச்சம் இருக்கும்வரையில் மொஸ்கோ ஒரு டாங்கியைத்தானும் எல்லைக்கு இப்பால் அனுப்பத் துணியாது. முதலிற் பாவிப்பதில்லை என்று நீங்கள் சொல்லிவிட்டால், அந்த அச்சம் நீங்கும். சாதாரண யுத்தம் நடத்தத்தக்கதொன்றாகிவிடும்.

இந்த வாதத்தை நாம் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. அச்சத்தைக் காவலாளியாக வைத்துக்கொள்பவன், அக்காவலாளி ஒரு நாளும் உறங்கமாட்டான், ஒரு நாளும் தவறாகச் சுடமாட்டான் என்று நம்பவேண்டியிருக்கிறது. ஆயினும், இதனை அறியாமை என்றோ இரத்தவெறி என்றோ தள்ளிவிட முடியாது. தம் வீட்டு முற்றம் போர்க்களமாகும் என்று அறிந்தவர்கள் அதைத் தடுக்கக் கண்ட வழி அது. மாணவியின் கேள்விக்கு முதல் விடை இங்கே இருக்கிறது: சாதாரணப் படையில் மெலிந்தவன் இவ்வுறுதியைக் கூற மறுப்பான், வலியவன் எளிதிற் கூறுவான்.

இது எவ்வளவு உண்மை என்பதைப் பின்வந்த சரித்திரம் காட்டிற்று. அதே 1982ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, சோவியத் யூனியன் முதலிற் பாவிப்பதில்லை என்று பிரெஸ்நேவ் உறுதி கூறினார். ஐக்கிய நாடுகள் சபையில் அவர் செய்தியை குரோமிக்கோ வாசித்தார். அன்று தரைப்படையில் வலியவர் அவர்கள். பத்தாண்டு சென்றது. சோவியத் யூனியன் கலைந்தது, செம்படை சிதறியது. இப்பொழுது மெலிந்தவர் ருஷ்யர். 1993ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான ருஷ்யாவின் புதிய இராணுவக் கோட்பாட்டிலே பிரெஸ்நேவின் உறுதியைக் காணோம். நேட்டோ முன்னர் நின்ற இடத்தில் ருஷ்யா வந்து நின்றது. பாகிஸ்தானும் இவ்வுறுதியை இந்தியாவுக்குக் கொடுக்க மறுப்பது இதே காரணத்தாலேயே.

இருபுறத்து வாக்கும் எவ்வளவு பெறுமதியானது என்பதைக் காட்டும் இரண்டு செய்திகள் உண்டு. ஜேர்மனி ஒன்றான பின், கிழக்கு ஜேர்மன் இராணுவத்தின் பெட்டகங்கள் திறக்கப்பட்டன. அவற்றிற் கிடைத்த பயிற்சி ஆவணங்கள், யுத்தம் மூண்டால் அணுவாயுதத்தைத் தொடக்கத்திலேயே பாவிப்பதற்குக் கிழக்கு அணியினர் ஆயத்தம் செய்திருந்தமையைக் காட்டின. பாவிக்கமாட்டோம் என்று சொன்னவர்களின் இலட்சணம் அது. மற்றப் பக்கத்திலோ விந்தை வேறு விதமானது. 1983ஆம் ஆண்டில் மக்னமாரா எழுதிய கட்டுரை ஒன்றிலே, தாம் அமைச்சராயிருந்த காலத்தில் ஜனாதிபதி கென்னடிக்கும் ஜனாதிபதி ஜோன்சனுக்கும் தனிமையிற் கூறிய ஆலோசனையை வெளியிட்டார். எந்த நிலைமையிலும் அணுவாயுதத்தை முதலிற் பாவிக்கவேண்டாம் என்பதே அவ்வாலோசனை. அவர்களும் அதனை ஏற்றுக்கொண்டனர் என்றே தாம் நம்புவதாகவும் எழுதினார். முதலிற் பாவிப்போம் என்று ஊரறியச் சொன்னவர்கள், பாவிப்பதில்லை என்று அறைக்குள்ளே தீர்மானித்திருக்கிறார்கள்! அப்பப்பா இதனைப் படித்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிப்பார்.

ஆனால் அவர் சிரித்து முடிப்பதற்குள் மூன்றாவது ஒரு கதையைக் கேட்கவேண்டும். இருவரும் பாராமல் விட்ட சங்கதி என்று நாம் சொன்னது இதுவே.

1983ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் திகதி, நள்ளிரவு கழிந்த வேளை. பிரெஸ்நேவ் இறந்துவிட்டார். பின்வந்த அந்திரொப்போவ் சிறுநீரக நோயால் நலிந்திருந்தார். பிரெஸ்நேவ் கூறிய உறுதியோ அப்படியே நடைமுறையில் இருந்தது. அம்மாதத் தொடக்கத்திலேதான் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சோவியத் போர்விமானத்தாற் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டிருந்தனர். இரு வல்லரசுகளுக்கும் இடையே உறவு கசந்துபோன காலம். மொஸ்கோவுக்குத் தெற்கே நிலத்தடி நிலையம் ஒன்றில் லெப்டினன்ட் கேணல் ஸ்தானிஸ்லாவ் பெற்றோவ் கடமையில் இருந்தார். செயற்கைக் கோள்களிலிருந்து வரும் அறிகுறிகளைக் கவனிப்பது அவர் வேலை. திடீரென்று அபாயச் சங்கு ஒலித்தது. அமெரிக்காவிலிருந்து ஏவுகணை ஒன்று புறப்பட்டுவிட்டது என்று கணனி காட்டிற்று. சிறிது நேரத்தில் இரண்டாவது, பின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது.

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்து சேர ஏறத்தாழ 30 நிமிஷம் செல்லும். அதற்குள் மேலிடத்துக்கு அறிவித்து, மேலிடம் கூடி, தீர்மானித்து, ஆணை பிறப்பித்து, தம் கணைகளையும் ஏவியாகவேண்டும். பெற்றோவ் ஒரு கையிலே தொலைபேசியையும் மறு கையிலே உட்தொடர்பு ஒலிவாங்கியையும் பிடித்துக்கொண்டு யோசித்தார். அமெரிக்கர் யுத்தம் தொடங்குவதாயின் ஐந்து கணைகளோடு தொடங்குவார்களா? தரையிலுள்ள ராடர்கள் ஏன் ஒன்றையும் காணவில்லை? இந்தப் புதிய இயந்திரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? பொய்யான அபாயம் என்றே அவர் மேலே அறிவித்தார். பின் காத்திருந்தார். ஒன்றும் வந்து விழவில்லை. உயரத்து மேகங்களிற் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக் கோள் ஏவுகணையின் சுவாலை என்று கருதிவிட்டது என்பது பின்னர் தெரிந்தது. பெற்றோவுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அவ்வேளையிற் குறிப்பேட்டை எழுதாமல் விட்டதற்குக் கண்டனமே கிடைத்தது. தமக்கு மூன்றாவது கை இல்லை என்று அவர் பிற்காலத்திற் சொன்னார்.

இப்பொழுது மாணவியின் கணக்கை மறுபடி எடுத்துப் பாருங்கள். அந்த இரவில் வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால்? அறிகுறியை நம்பி மேலிடமும் கணைகளை ஏவியிருந்தால்? சோவியத் தலைவர்கள் தங்கள் வாக்கை மீறினோம் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். அடித்தவனைத் திருப்பி அடித்தோம் என்றே மனமார நம்பியிருப்பார்கள். முதலிற் பாவித்தவர்களும் அவர்களே ஆகியிருப்பார்கள். ஒன்பது நாடுகளும் வாய்மையோடு உறுதி கூறினாலும், யார் முதல் என்பதை அரை மணித்தியாலத்துக்குள் ஒரு மேகமும் ஒரு கணனியும் தீர்மானிக்கக்கூடுமாயின் அந்தக் கணக்குத் தவறிப்போகும்.

அமெரிக்காவிலும் இக்கதை உண்டு. 1979ஆம் ஆண்டு நவம்பரில் பயிற்சிக்கென வைத்திருந்த யுத்தக் காட்சி கணனியில் ஏறி மெய்யான தாக்குதல் போலத் தோன்றிற்று. 1980ஆம் ஆண்டில் 46 சதம் பெறுமதியான மின்னணுத் துண்டு ஒன்று பழுதாகி அதே பீதியை உண்டாக்கிற்று. ஜனாதிபதி கார்ட்டரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெஷின்ஸ்கியை இவ்வாறான ஓர் இரவிலே தொலைபேசி எழுப்பியது. சோவியத் கணைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன என்றார்கள். அவர் பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பவில்லை. இன்னும் அரை மணித்தியாலத்தில் எல்லோரும் மாண்டுவிடுவோம், உறங்கட்டும் என்று விட்டாராம். தவறு என்று மறு அழைப்பு வந்தது.

ஆகவே, உறுதியின் பெறுமதி வாயில் இல்லை. ஆயுதத்தை எவ்வாறு வைத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இங்கேதான் சீனாவின் பழைய வாக்குக்கு ஒரு விலை இருந்தது என்று ஒப்புக்கொள்ளவேண்டும். பல தசாப்தங்களாக அந்நாடு குண்டை ஓரிடத்திலும் அதனைச் சுமக்கும் கணையை வேறிடத்திலும் வைத்திருந்தது. இந்தியாவும் 1998ஆம் ஆண்டு பரிசோதனைகளின் பின் இவ்வுறுதியைக் கூறி, நெடுங்காலம் இவ்வாறே செய்துவந்ததாக அறிஞர் கருதுவர். அடி வாங்கும்வரை அடிப்பதில்லை என்று மெய்யாகத் தீர்மானித்தவனுக்கு அவசரம் இல்லை. அவசரம் இல்லாதவன் குண்டையும் கணையையும் பிரித்துப் பூட்டிவைக்கலாம். பிரித்துப் பூட்டியவனுடைய கணனி நள்ளிரவிலே பிழைவிட்டால், அடுத்த நாட் காலையில் விசாரித்துக்கொள்ளலாம். அப்பப்பாவே, இது வரி கட்டிய வாக்கு: திடீரென்று தாக்கப்பட்டால் தன் பாதி ஆயுதத்தையேனும் இழக்க நேரும் என்று தெரிந்துகொண்டே கொடுத்தது.

இதனோடு ஒப்பிட, 1994ஆம் ஆண்டு ஜனவரியில் கிளின்டனும் யெல்த்சினும் செய்த உடன்பாடு வெறும் சடங்கு. ஒருவர் நாட்டை நோக்கி மற்றவர் கணை குறிவைத்திராது என்றனர். குறியைத் திரும்பவும் வைக்கச் சில நிமிஷங்கள் போதும்.

கவலை யாதெனில், வரி கட்டிய வாக்கும் இப்பொழுது தளர்கிறது. 2021ஆம் ஆண்டிலே சீனாவின் மேற்கிலும் வடக்கிலும் ஏறத்தாழ 300 ஏவுகணைக் குழிகள் தோண்டப்படுவது வானப் படங்களில் தெரிந்தது. அந்நாட்டிடம் 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் குறைந்தது 600 குண்டுகள் இருந்தனவென்று ஸ்டொக்ஹோம் சமாதான ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டது. சமாதான காலத்திலேயே சில குண்டுகளைக் கணைகளிற் பொருத்தியிருக்கக்கூடும் என்றும் அந்நிறுவனம் 2024ஆம் ஆண்டில் எழுதியது. இந்தியா 2018ஆம் ஆண்டில், தன் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் முதலாவது ரோந்தை முடித்ததாக அறிவித்தது. கடலடியிலே குண்டை ஓரூரிலும் கணையை வேறூரிலும் வைப்பது எவ்வாறு? மறுவருடம் ஆகஸ்டில் இந்தியப் பாதுகாப்பமைச்சர், வருங்காலத்தில் யாது செய்வோம் என்பது சந்தர்ப்பங்களைப் பொறுத்தது என்றார். ருஷ்யாவோ, அரசின் உயிருக்கே ஆபத்து வந்தால் என்று முன்பு எழுதியிருந்த நிபந்தனையை 2024ஆம் ஆண்டு நவம்பரில் மேலும் இலேசாக்கிற்று. அமெரிக்காவில் ஒபாமா 2016ஆம் ஆண்டில் இவ்வுறுதியைக் கூறலாமா என்று ஆலோசித்தார், நேசநாடுகள் அஞ்சின, கைவிட்டார். அஞ்சியவற்றுள் ஜப்பானும் ஒன்று என்பது நெஞ்சை உறுத்துகிறது.

மாணவியின் கடிதத்தில் இரண்டாவது கேள்வி ஒன்றும் உண்டு. குண்டே இல்லாத நமது நாடு, அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் 2023ஆம் ஆண்டில் இணைந்ததனால் ஆவது என்ன என்று கேட்கிறார். அதற்கு விடை கூறுமுன், 1996ஆம் ஆண்டில் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்திலே நம் நாட்டு நீதியரசர் வீரமந்திரி ஏனைய நீதிபதிகளோடு மாறுபட்டு எழுதிய தீர்ப்பைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். இடம் போதாது, வருகிற ஞாயிறு பார்ப்போம். அதற்கிடையில் அப்பப்பாவின் மறுமொழி யாதாயினும் இருப்பின் தபாலில் அனுப்பிவைக்கட்டும்.